வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராக வீடு கட்டுவது: டீசல் காசை நன்கொடையாக அனுப்பினால் போதாதா?

கேள்வி. 9 பிப்ரவரி 2025

ஓய்வு பெற்றவர்கள் சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு சமையலறையும் படுக்கையும் உள்ள ஆர்.வி. வண்டியிலேயே குடியேறி, அமெரிக்கா முழுவதும் சுற்றி, ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற அறநிறுவனம் வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கட்டும் வீடுகளுக்குத் தன்னார்வமாக வேலை செய்கிறார்கள் என்று அறிந்தேன். எனக்கு இது ஒப்பவில்லை. சுத்தியல் பிடித்துப் பழகாத கைகள். வண்டியோ டீசலைக் குடிக்கிற வண்டி. அந்த டீசல் காசை நன்கொடையாக அனுப்பினால், கைதேர்ந்த தச்சர் ஒருவர் அதே வேலையைப் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். இது சேவையா, சுற்றுலாவா? நேரில் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2025

நானும் என் கணவரும் இதைச் செய்கிறோம். அதனால் சொல்கிறேன்.

தச்சர் வேகமாகச் செய்வார் என்பதில் மறுப்பில்லை. ஆனால் உங்கள் கணக்கில் சனிக்கிழமை விட்டுப்போய்விட்டது. உள்ளூர்த் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களால் சனிக்கிழமைதான் வர முடியும். ஒரு வாரம் வங்கி ஊழியர்கள் வருவார்கள், அடுத்த வாரம் தேவாலயக் குழு, அதற்கடுத்த வாரம் கல்லூரி மாணவர்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் புது முகங்கள். மேற்பார்வையாளர் காலையில் பாதுகாப்பு விதிகளைச் சொல்லி, சுத்தியலை எங்கே பிடிப்பது என்று காட்டி, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். மத்தியானம் கை கொஞ்சம் படிய ஆரம்பிக்கும்போது எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தளத்தில் மேற்பார்வையாளரும் இரண்டு மூன்று பெரியவர்களும் மட்டும்தான்.

அந்த வெற்றிடத்தில்தான் நாங்கள் போய் நிற்கிறோம். திங்களன்று கற்றுக்கொண்டதைச் செவ்வாயன்று செய்கிறோம். புதன்கிழமை எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமைக் கூட்டம் வரும்போது, ஒவ்வொரு சுவருக்கும் எங்களில் ஒருவர் நின்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறோம். மேற்பார்வையாளருக்கு ஒரு நாளாவது ஏணியிலிருந்து இறங்கி, தொலைபேசியில் மரக்கடைக்காரரோடு பேச நேரம் கிடைக்கிறது.

தச்சரின் வேகத்தோடு எங்களை ஒப்பிடாதீர்கள். நாங்கள் இல்லாவிட்டால் அந்த வார நாட்களில் தளம் வெறிச்சோடிக் கிடக்கும். அதோடு ஒப்பிடுங்கள்.

10 பிப்ரவரி, இரவு

ஏற்பாடு எப்படி என்று கேட்டவருக்கு. ஹேபிடட்டில் இதற்கென்றே கேர்-எ-வானர்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. சொந்த ஆர்.வி.யில் வருகிறவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, பொதுவாக இரண்டு வாரம் ஒரு கிளையில் வேலை செய்வார்கள். வண்டியை நிறுத்த இடமும், மின்சாரம், தண்ணீர் இணைப்புகளும் அந்தக் கிளையே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஏற்பாடு செய்யும். சில இடங்களில் தேவாலய வளாகம், சில இடங்களில் அவர்களுடைய கடையின் பின்முற்றம், சில இடங்களில் முறையான முகாம் திடல். சம்பளம் கிடையாது. டீசல், சாப்பாடு, வண்டிக் காப்பீடு எல்லாம் நம் கைக்காசு. கட்டுமான அனுபவம் தேவையில்லை.

13 பிப்ரவரி 2025

"அனுபவமே இல்லாதவர் கட்டிய வீட்டில் குடும்பத்தைக் குடிவைப்பது நியாயமா?" நல்ல கேள்வி. இதற்கு ஒரே ஒரு வேலையை எடுத்து விளக்கினால் புரியும் என்று நினைக்கிறேன். வெளிச்சுவரில் வினைல் சைடிங் அடிப்பது. அதுதான் நான் அதிகம் செய்த வேலை.

சைடிங் என்பது நீளமான பிளாஸ்டிக் பட்டைகள். சுமார் 12 அடி நீளம். மேல் விளிம்பில் வரிசையாக நீள்வட்டத் துளைகள் இருக்கும். புதிதாக வருகிறவர் கண்ணில் பட்ட துளையின் ஏதோ ஒரு மூலையில் ஆணியை வைத்து, தலை பதிகிற அளவுக்கு ஓங்கி அடிப்பார். அங்கேதான் வீடு கெட்டுப்போகிறது. அந்தப் பட்டை குளிரில் சுருங்கி வெயிலில் நீளும். ஆண்டு முழுவதும் பார்த்தால் அரை அங்குலம் வரை வித்தியாசம் வரும். ஆணி துளையின் நட்டநடுவில் இருக்க வேண்டும். ஆணித்தலைக்கும் பட்டைக்கும் நடுவே பத்து சென்ட் நாணயம் ஒன்று நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். அடித்து முடித்ததும் பட்டையை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் சரி. நகராவிட்டால் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும், இல்லையென்றால் முதல் கோடையிலேயே சுவர் அலை அலையாகப் புடைத்துக்கொள்ளும். பட்டையின் முனை மூலைச் சட்டத்துக்குள் போகிற இடத்திலும் கால் அங்குலம் விட வேண்டும். குளிர்காலத்தில் அடித்தால் இன்னும் சற்று அதிகம்.

இதில் எங்கே வருடக்கணக்கான அனுபவம் வேண்டியிருக்கிறது? சொன்னதைச் சொன்னபடி செய்யும் பொறுமையும், தள்ளிப் பார்த்து நகராவிட்டால் வெட்கப்படாமல் பிடுங்கும் மனமும்தான் வேண்டும். மின்கம்பி இழுப்பது, குழாய் பொருத்துவது போன்ற வேலைகளுக்கு உரிமம் பெற்றவர்கள் வருகிறார்கள். அந்தந்தக் கட்டத்தில் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலை. தன்னார்வலர் கட்டிய வீடு என்பதற்காக அவர் எந்த விதியையும் தளர்த்த மாட்டார்.

14 பிப்ரவரி 2025

வீட்டை இலவசமாகக் கொடுக்கிறார்களா என்று கேட்டவருக்கு: இல்லை, வீடு இலவசம் இல்லை. இந்தத் தவறான எண்ணம் நம்மவர்களிடம் மிகவும் பரவலாக இருக்கிறது. குடும்பம் அந்த வீட்டை வாங்குகிறது. தவணை, அவர்களுடைய வருமானத்துக்குத் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள்: வீடு தேவைப்படுகிற நிலை, தவணை கட்ட முடிகிற நிலை, கூடவே உழைக்கச் சம்மதம். அந்த உழைப்பு நூற்றுக்கணக்கான மணி நேரம். தங்கள் வீட்டிலோ அடுத்தவர் வீட்டிலோ வேலை செய்து அதை நிறைவேற்ற வேண்டும்.

14 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

இதன் வேரைத் தெரிந்துகொண்டால் மேலே சொன்னது இன்னும் தெளிவாகும். ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டனும் சிலரும் சேர்ந்து கொய்னோனியா என்று ஒரு பண்ணையைத் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பண்ணை. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த அந்தக் காலத்துத் தென் மாநிலத்தில்! ஊர் அவர்களைப் புறக்கணித்தது. துப்பாக்கிச் சூடும் குண்டுவீச்சும் நடந்தன. அசையவில்லை. மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் பெரும் செல்வத்தை உதறிவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். லாபமும் வட்டியும் இல்லாமல் வீடு கட்டி விற்பது, வரும் தவணைப் பணத்தை அடுத்த வீட்டுக்கு முதலாகப் போடுவது என்ற யோசனை அங்கே பிறந்தது. ஃபுல்லர் தம்பதியர் அதை ஆப்பிரிக்காவில் ஜயர் நாட்டிலும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) செய்து பார்த்துத் திரும்பி, 1976-இல் ஹேபிடட்டைத் தொடங்கினார்கள்.

பிச்சை போடுவதற்கும் கூட நின்று கட்டுவதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் அன்றே அளந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் நம் கையைப் பார்த்து நிற்கிறவர் இல்லை. நாளை கடன் கட்டப்போகிறவர், இன்று நமக்குப் பக்கத்தில் நின்று பலகை பிடிக்கிறவர்.

20 பிப்ரவரி 2025

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். சனிக்கிழமை பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவரின் பண விஷயத்துக்கு நான் முழுமையாகப் பதில் சொல்லவில்லை.

வீட்டின் விலையில் உழைப்பு ஒரு பகுதிதான். மனை, அனுமதிக் கட்டணம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, மரம், சிமென்ட், கூரை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். எங்கள் சுத்தியல் மனை வாங்கித் தராது. பல ஊர்களில் ஆள் இல்லாததால் வேலை நிற்பதில்லை. மனை கிடைக்காததால்தான் நிற்கிறது. இன்ன பரப்புக்குக் குறைவான மனையில் கட்டக்கூடாது, ஒரு மனையில் ஒரு குடும்பம் மட்டுமே என்று நகர மண்டல விதிகள் இருக்கிற இடத்தில் மலிவு வீடு எப்படி எழும்பும்? அந்த விதிகளை மாற்றும் கூட்டங்களில் உள்ளூர்க்காரர்தான் போய்ப் பேச முடியும். இரண்டு வாரத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிற எங்களுக்கு அங்கே ஓட்டும் இல்லை, குரலும் இல்லை.

ஆகவே பணம் அனுப்ப நினைக்கிறவர் தாராளமாக அனுப்பட்டும். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. நாங்களும் அனுப்புகிறோம். ஆனால் "அனுப்பினால் போதுமே" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள்.

21 பிப்ரவரி 2025

பழைய சாமான்களைக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: கொடுக்கலாம். ரீஸ்டோர் என்ற பெயரில் கடைகள் நடத்துகிறார்கள். முதல் கடை 1991-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் திறந்தது. கதவு, ஜன்னல், சமையலறை அலமாரி, மிச்சமான ஓடு எல்லாம் வாங்கி விற்று, அந்த லாபத்தில் வீடு கட்டுகிறார்கள். ஏணி ஏற முடியாதவர்களுக்கு அந்தக் கடையில் வேலை இருக்கிறது. அதுவும் வீடு கட்டும் வேலைதான்.

27 பிப்ரவரி 2025

"என் பெற்றோர் சென்னையிலிருந்து ஆறு மாதம் வருகிறார்கள். அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். அவரையும் அழைத்துப்போகலாமா அக்கா?"

தம்பி, இதில் அவசரப்படாதீர்கள். உங்கள் அப்பாவின் அனுபவம் தங்கம். ஆனால் விசா விஷயம் வேறு. சம்பளம் இல்லாவிட்டால் அது வேலையே இல்லை என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். குடிநுழைவு அதிகாரி அப்படி நினைக்க வேண்டிய அவசியமில்லை. லாபநோக்கற்ற அறநிறுவனம் நடத்தும் தன்னார்வச் சேவைத் திட்டத்துக்கென்று வருகிறவர்களுக்கு பி-1 விசாவில் இடம் உண்டு. ஊதியம் கூடாது, தற்செலவுகளை மட்டும் ஈடுசெய்யலாம். உங்கள் பெற்றோர் பேரக்குழந்தையைப் பார்க்க வந்தவர்கள், அவர்கள் சொன்ன காரணமும் அதுதான். தங்குமிடமோ சாப்பாடோ உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கிறது என்று தோன்றினாலும் அதைக் கூலியாகக் கருத இடமிருக்கிறது. முதலில் குடிநுழைவு வழக்கறிஞரிடம் கேளுங்கள், பிறகு அந்தக் கிளையிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த வயதில் விமான நிலையத்தில் யாரும் அவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் நிலை வரக்கூடாது.

3 மார்ச் 2025

வரிச்சலுகை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக: உங்கள் நேரத்துக்கு விலை போட்டுக் கழிக்க முடியாது. கைக்காசில் செலவழித்ததை, தனித்தனியாகக் கழிவுகளைப் பட்டியலிட்டு வரி கட்டுகிறவர் காட்டலாம். சேவைக்காக ஓட்டிய மைலுக்கு 14 சென்ட் என்பது சட்டத்திலேயே எழுதிவைத்த தொகை. ஆனால் பயணத்தில் கேளிக்கையும் விடுமுறையும் கணிசமாகக் கலந்திருந்தால் பயணச் செலவைக் காட்டக்கூடாது. வழியில் கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கவும். பட்டியலிடாமலே கிடைக்கும் நிலைக்கழிவே தம்பதியருக்கு 2024-இல் 29,200 டாலர் என்பதால் பெரும்பாலோர் பட்டியலிடுவதே இல்லை. வரிக்காக இதில் இறங்காதீர்கள்.

12 மார்ச் 2025

நான் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது இது.

இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் வேலை செய்த வீடு ஒரு தாய்க்கும் மகனுக்கும். அந்த அம்மாள் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். காலை ஏழு மணிக்கு வேலை முடித்து, சீருடையின் மேலேயே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு தளத்துக்கு வந்துவிடுவார். கண்கள் சிவந்திருக்கும். "போய்த் தூங்குங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று என் கணவர் ஒரு நாள் சொன்னார். அவர் கோபித்துக்கொண்டார். "இது என் சுவர்" என்றார். அவ்வளவுதான், நாங்கள் பிறகு வாய் திறக்கவில்லை.

மகனுக்கு 15 வயது. 16 நிறையாதவர்கள் கட்டுமானம் நடக்கும் தளத்தில் கால் வைக்கக்கூடாது என்பது விதி. 16, 17 வயதுக்காரர்கள் வரலாம், ஆனால் கூரை ஏறவும் மின்ரம்பம் தொடவும் கூடாது. அந்தப் பையன் பள்ளி விட்டதும் சைக்கிளில் வந்து தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பான். எந்த ஜன்னல் தன் அறை என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள் அந்த அறையின் சுவர்ச்சட்டம் தரையில் கிடந்தது. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், மேலும் கீழும் ஒவ்வொரு குறுக்குச்சட்டம், ஜன்னலுக்கு இடம். தூக்கி நிறுத்த ஆறு பேர் குனிந்தோம். அந்த அம்மாள் எங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, கார்பென்டர் பென்சிலை எடுத்து, பிறகு ஜிப்சம் பலகை மூடிவிடப்போகிற ஒரு சட்டத்தில் மகனின் பெயரை எழுதினார். எதிர்த்தெருவிலிருந்து அவன், "அம்மா, எழுத்து சரியாக இருக்கிறதா?" என்று கத்தினான். பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவது போல அவர் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகுதான் சுவரைத் தூக்கினோம்.

டீசல் காசை அனுப்பினால் போதாதா என்று கேட்டீர்கள். வீட்டுக்கு அது போதுமாக இருக்கலாம். எனக்குப் போதாது. அந்த அம்மாள் பெயரைத் தெரிந்துகொண்டு, அவர் தூங்காமல் வந்த காலைகளைப் பார்த்துவிட்டு, ஆணியைக் கோணலாக அடிக்க என் கை வராது.

15 மார்ச் 2025

"குடும்பம் உழைக்க வேண்டிய மணிநேரக் கணக்கில் மகன் சேர வழியே இல்லையா?" சில கிளைகளில் உண்டு. பிள்ளைகளின் நல்ல மதிப்பெண்களுக்குச் சில மணி நேரங்களை ஒதுக்குகிறார்கள். எல்லாக் கிளையிலும் இல்லை. ஒவ்வொரு கிளையும் தனி நிர்வாகம். ஓரிடத்து வழக்கத்தை இன்னோரிடத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

19 மார்ச் 2025

வயது, முழங்கால் வலி, உயரத்தில் பயம் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் சேர்த்து.

முடியாததை முடியாது என்று முதல் காலையிலேயே சொல்லுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். எங்கள் குழுக்களில் எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். தரையிலேயே நாள் முழுக்க வேலை இருக்கிறது: அளந்து குறிப்பது, வெட்டுவது, வண்ணம் பூசுவது, சட்டங்களைத் தரம் பார்த்து அடுக்குவது. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் மெல்லிய வளைவு தெரியும். அந்த வளைவுகள் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும்படி குறித்து வைத்தால் சுவர் சீராக வரும். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயுமாக நின்றால் பின்னால் பலகை அடிக்கிறவர் படாதபாடு படுவார். உட்கார்ந்தபடியே செய்யலாம்.

ஏணியைச் சாய்க்கும்போது நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வெளியே. கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தரையிலிருந்து ஆறடிக்கு மேல் வேலை என்றால் விழாமல் காக்கும் ஏற்பாடு தேவை என்பது அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதி. "இரண்டே ஆணிதான், கச்சை எதற்கு" என்று யாராவது சொன்னால் அந்த ஏணியில் ஏறாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள்.

2019-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 95 வயதில், விழுந்து நெற்றியில் தையல் போட்ட கையோடு நாஷ்வில்லில் வீடு கட்ட வந்து நின்றதை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கும் அவர்மேல் பெரும் மரியாதை. 1984-இல் நியூயார்க்கில் பாழடைந்த ஒரு குடியிருப்பைச் சீரமைக்க, ஜார்ஜியாவிலிருந்து மற்றவர்களோடு பஸ்ஸில் போனவர். ஆனால் தையல் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று உங்களை யாரும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் வண்டியில் ஓய்வெடுங்கள்.

2 ஏப்ரல் 2025

"ஹேபிடட்காரர்கள் மூன்றரை மணி நேரத்தில் ஒரு வீடே கட்டியிருக்கிறார்களே, நீங்கள் இரண்டு வாரத்தில் ஒரு பக்கச் சுவர்தான் முடிக்கிறீர்களா?"

அது 2002-இல் அலபாமாவின் ஷெல்பி கவுன்டியில் நடந்தது. 3 மணி 26 நிமிடம் சொச்சம். மாதக்கணக்கில் திட்டமிட்டு, யார் எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்று ஒத்திகை பார்க்காமல் அப்படிச் செய்ய முடியாது. உலகத்தின் கண்ணைத் திருப்ப அது உதவியது. தினசரி வேலைக்கு அது அளவுகோல் இல்லை.

வேகத்தைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. 1992-இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைச் சூறையாடியபோது சுற்றிலும் வீடுகள் நொறுங்கின, அங்கே தன்னார்வலர்கள் கட்டிய வீடுகள் நின்றன. அனுபவமில்லாதவர்கள் தேவைக்கு அதிகமாக ஆணி அடித்ததுதான் காரணம் என்று தளங்களில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. புயல் காற்றுக்கு வீடு தாங்குவது, கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் கட்டிப்போடும் ஆணிகளையும் உலோகப் பட்டைகளையும் பொறுத்தது. வேகமாகக் கட்டி வேகமாக விற்கும் இடத்தில் அந்த ஆணிகளில்தான் முதலில் கை வைப்பார்கள். இது தன் வீடு என்று நினைத்துக் குறையில்லாமல் அடிக்கிறவர் அதைச் செய்ய மாட்டார். ஆனால் மேலே நான் சொன்ன சைடிங் ஆணிக்கு இந்த வழியைக் கொண்டுவராதீர்கள்! அங்கே இறுக்கினால் கெடும். கூரையில் விட்டால் கெடும். எது எங்கே என்று மேற்பார்வையாளர் சொல்வதைக் கேட்பதுதான் முழு வித்தையும்.

9 ஏப்ரல் 2025

எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று நான் எழுதுவதாக ஒருவர் குறைபட்டிருக்கிறார். அப்படி இல்லை. ஒரு கிளையில் (பெயர் வேண்டாம்) நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடித்தளத்துக்கான அனுமதியே வந்திருக்கவில்லை. பத்து வண்டிகள், இருபது பேர், வேலை இல்லை. கிடங்கைப் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கினோம். பிறகு அந்தக் கிடங்கையே மறுபடி அடுக்கச் சொன்னார்கள். தொலைவிலிருந்து டீசல் எரித்து வந்தவர்களுக்கு அது மனக்கசப்பு. கேள்வி கேட்டவரின் கணக்கு அந்த இரண்டு வாரத்துக்கு முழுக்கப் பொருந்தும், மறுக்க மாட்டேன்.

அதிலிருந்து நாங்கள் பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுகிறோம். நாங்கள் வரும் வாரத்தில் வீடு எந்தக் கட்டத்தில் இருக்கும்? மழை வந்தால் உள்ளே செய்ய வேலை உண்டா? வார நாட்களில் தளத்தில் மேற்பார்வையாளர் இருப்பாரா, வேறு தளத்துக்கும் அவரே ஓடவேண்டுமா? வீடு யாருக்கு என்று முடிவாகிவிட்டதா? நேராகப் பதில் சொல்கிறவர்களிடம் போகிறோம். மழுப்புகிறவர்களை அடுத்த பருவத்துக்கு வைத்துவிடுகிறோம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நம் நேரத்தை மதிக்கிற கிளைதான் வீட்டுக்காரரின் நேரத்தையும் மதிக்கும்.

10 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பேரிடருக்குப் பிந்தைய இடங்களுக்கு இந்தக் கறார் பொருந்தாது. புயலுக்குப் பின் அனுமதி அலுவலகமே தண்ணீரில் நின்றிருக்கும், மரம் வரத் தாமதமாகும். அங்கே காத்திருப்பதும் வேலையில் சேர்த்தி. கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் இசைக்கலைஞர்களுக்கென்று எழும்பிய மியூசிஷியன்ஸ் வில்லேஜ், ஒரே மாதத்தில் எழுந்ததில்லை. அலை அலையாக வந்த தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டியது. ஒரு குழு விட்ட இடத்தில் இன்னொரு குழு தொட்டது. அங்கே போக நினைக்கிறவர் வண்டியில் தண்ணீரும் மின்சாரமும் சொந்தமாகச் சமாளிக்கும் வசதியோடு போகவேண்டும். உதவப் போய் அந்த ஊருக்கே பாரமாகிவிடக்கூடாது.

21 ஏப்ரல் 2025

இந்தியாவிலும் ஹேபிடட் இருக்கிறது. 1983-இல், இன்று தெலங்கானாவில் உள்ள கம்மத்தில் தொடங்கியது. கார்ட்டர் தம்பதியர் 2006-இல் லோனாவாலாவுக்கு அருகே வந்து கட்டினார்கள். அங்கே செங்கல்லும் சிமென்டும். மரச்சட்ட வேலை தெரிந்தவர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

6 மே 2025

கடைசியாக வந்த கேள்வி வண்டி பற்றியது. "30 ஆம்ப் இணைப்பு மட்டும் இருக்கும் இடத்தில் 50 ஆம்ப் வண்டியை நிறுத்தலாமா?" நிறுத்தலாம், மாற்று இணைப்பான் வேண்டும். ஆனால் 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் தரும், 30 ஆம்ப் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது மின்னடுப்பையும் வெந்நீர்க் கொதிகலனையும் சேர்த்துப் போட்டால் விசை விழுந்துவிடும். நாள் முழுக்கக் கூரையில் வெந்துவிட்டு வந்து ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாது. சமையலை எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேவாலய வளாகங்களில் பல வண்டிகள் ஒரே மின்பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும், அங்கே பக்கத்து வண்டிக்காரரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. கழிவுநீர் இணைப்பு எல்லா இடத்திலும் இருக்காது. எங்கே கொட்டலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கருவிகள் அவர்களிடமே இருக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது கனமான அடித்தோல் வைத்த காலணி, கைக்குப் பொருந்தும் கையுறை, உங்கள் எடைக்கேற்ற சுத்தியல் ஒன்று. 16 அவுன்ஸ் போதும். 22 அவுன்ஸ் சுத்தியலை வாங்கி வந்து மூன்றாம் நாளே மணிக்கட்டுக்குப் பட்டை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். செப்டம்பரில் நாங்கள் போகும் கிளையில் இன்னும் இரண்டு வண்டிக்கு இடம் இருக்கிறதாம். கூரை போட்டாகிவிட்டது, உள்வேலைதான். வர விரும்புகிறவர்கள் திட்டத்தின் பட்டியலில் பார்த்து நேரடியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், என் மூலமாக வேண்டாம்.